பட்டை போட்ட முட்டை

ஈஸ்டருக்கு முந்தின நாள் மதியம் லிப்ட்காரர் ஒரு டஜன் முட்டையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, அடைகாக்கப் போகிறவர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டைக்குச் சாயம் போட வேண்டும். சாயப்பொடி இல்லை. கடைத்தெரு முழுக்க ஏறி இறங்கியாயிற்று. எல்லாக் கடையிலும் தீர்ந்துவிட்டது. கடைசிக் கடைக்காரர், "போன வாரம் வந்திருந்தா அள்ளிக் குடுத்திருப்பேனே" என்று, இல்லாத சரக்கை வைத்தே வள்ளல் பட்டம் வாங்கப் பார்த்தார்.

அடுக்குமாடிகளில் நின்றுபோன லிப்டை மறுபடி ஓடவைப்பது லிப்ட்காரரின் தொழில். அவர் வாய்க்கணக்குப்படி, ஒருமுறை மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு லிப்டில் ஏறிய ஒருவரைத் தாடியோடு வெளியே எடுத்திருக்கிறார். இன்னொரு முறை உள்ளே மாட்டிக்கொண்ட ஓர் ஆணும் பெண்ணும் கல்யாணம் நிச்சயம் பண்ணிக்கொண்டு வெளியே வந்தார்கள். அடுத்த மாதம் அதே லிப்டில் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். இதையெல்லாம் முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல் சொல்வார். கேட்கிறவர்கள் நம்பினார்களா இல்லையா என்பது அவர் கவலை இல்லை. மனைவி மட்டும், "உங்க வாயில கிளம்புற லிப்டு எந்த மாடியிலயும் நிக்காதுங்க" என்பாள்.

அந்த மனைவியிடமிருந்துதான் போன் வந்தது. அவளுக்குப் பேக்கரியில் வேலை. ஈஸ்டர் நேரத்தில் பேக்கரிக்காரர்களுக்குத் தலைக்குமேல் வேலை என்பதால், போனில் அவள் குரலைவிட மாவு பிசைகிற இயந்திரத்தின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

"என்னங்க, பொடி கிடைச்சுதா?"

"கிடைக்கல."

"எனக்குத் தெரியும். நேத்தே போங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

"நேத்து பெரிய ஆஸ்பத்திரி லிப்டு பாதியில நின்னு, உள்ள இருந்த டாக்டருக்கே..."

"அந்த டாக்டர் அங்கயே இருக்கட்டும். நான் சொல்றதைக் கேளுங்க. அலமாரியில மேல்தட்டுல வச்சிருக்கேன், அந்தப் பட்டை எடுத்துப் போட்டு, கொஞ்சம் வினிகர் ஊத்தி, முட்டையை வேக வைங்க. கலர் தானா பிடிச்சுக்கும்."

"எதை? பட்டையா?"

"ஆமாங்க, பட்டைதான்! ஐயோ, ஓவன் கத்துது. வச்சிடறேன்."

வைத்துவிட்டாள். அவள் சொன்னது, கறிமசாலாவில் போடுகிறோமே, அந்த மரப்பட்டை. அதைப் போட்டு வேகவைத்தால் முட்டை நல்ல தேன்நிறத்துக்கு வரும். டப்பா சமையலறை அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. லிப்ட்காரர் காதில் விழுந்ததோ பட்டுத்துணியைச் சொல்கிற 'பட்டை'. அதுவும் அலமாரியின் மேல்தட்டில்தான் இருந்தது, படுக்கையறை அலமாரியில். அந்த வீட்டில் பட்டு என்றால் ஒன்றே ஒன்றுதான்.

அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லிப்ட்காரரின் மாமியார் உயிரோடு இருந்தபோது ஒரு துணிக்கடையில் பட்டு ஸ்கார்ஃபுகளுக்குப் படம் எழுதுகிற வேலை பார்த்தார். ஒருமுறை வரிசையாக நீலக் குருவிகள் எழுதினார். எல்லாம் வலப்பக்கம் பார்த்துப் பறக்க, ஒன்று மட்டும் இடப்பக்கம் திரும்பிவிட்டது. கடைக்காரர் இது விலைக்கு ஆகாது என்று தள்ளிவிட்டார். மாமியார் அதைத் தன் கழுத்திலேயே சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். துவைத்தால் சாயம் இறங்கிவிடும் என்று கடைசிவரை அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட விடவில்லை.

அவர் போன பிறகு, அவர் பெற்ற இரண்டு பெண்களும் அந்தப் பட்டுக்காக முட்டிக்கொண்டார்கள். "அந்தத் திரும்பிப் பாக்குற குருவி நீதான்னு அம்மா என்கிட்ட சொன்னாங்க" என்றாள் மூத்தவள், அதாவது லிப்ட்காரரின் மனைவி. "என்கிட்டயும் அதையேதான் சொன்னாங்க. நீ பொய் சொல்ற" என்றாள் இளையவள். பட்டு மூத்தவள் வீட்டில் தங்கியது. இளையவள் அந்த வீட்டுப் படியை மிதிப்பதை விட்டாள். தங்கையின் பிறந்தநாள் வந்தால் மனைவி போனைக் கையில் எடுப்பாள், துடைப்பாள், வைப்பாள். அன்றைக்கு ரொட்டி கருகும். லிப்ட்காரருக்கு அந்தக் குருவியைக் கண்டாலே எரியும். நாலு பேர் ஏறுகிற லிப்டில் ஐந்தாவதாக ஏறி நிற்கிற ஆள் மாதிரி அது அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

சரி, பட்டைப் போய் யாராவது முட்டையோடு வேகவைப்பார்களா? வைப்பார்கள். அதுதான் வினை. சில நாள் முன்னால் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிப்டில் சிக்கிய ஒரு பெண்மணியை அவர் வெளியே எடுத்தார். அவள் மடியில் ஒரு பை நிறைய பழைய பட்டு டைகள்.

"எங்க ஆபீஸ்ல ரிட்டயர் ஆகுற எல்லாரோட டையையும் கேட்டு வாங்கிடுவேன் சார்" என்றாள் அவள். "துண்டு போட்டு, முட்டைமேல இறுக்கிச் சுத்தி, அதுக்குமேல ஒரு வெள்ளைத்துணி கட்டி, வினிகர் தண்ணியில வேக வச்சா டிசைன் அப்படியே ஓட்டுமேல இறங்கிடும். போன ஈஸ்டருக்கு மேனேஜரோட கட்டம்போட்ட டை. முட்டை அச்சா மேனேஜர் மாதிரியே இருந்துச்சு. நான்தான் மேல மீசை வரைஞ்சேன்."

கடைசியாக இன்னும் ஏதோ சொன்னாள். லிப்ட் கதவு கிரீச்சிட்டதில் அது காதில் விழவில்லை.

ஆகவே பட்டு என்றதும் லிப்ட்காரர் ஆச்சரியப்படவில்லை. படுக்கையறை அலமாரியைத் திறந்தார். வழக்கமாகக் கட்டிலுக்கடியில் பெட்டியின் அடியாழத்தில் கிடக்கும் பட்டு, இஸ்திரி போட்டு, காகிதம் சுற்றி, மேல்தட்டில் தயாராக இருந்தது. எதற்காக இதை எடுத்து வெளியே வைத்திருக்கிறாள்? ஒருமுறை கோபத்தில் அவள், "இந்தச் சனியனைக் கொதிக்கிற தண்ணியில போட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்று சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. போட முடிவு பண்ணிவிட்டாள் என்று நினைத்தார்.

நினைத்தார் என்று எழுதிவிடலாம். ஆனால் நடந்தது அப்படியே அது அல்ல. அவர் போனைக் கையில் எடுத்தார். மனைவியின் எண் திரையில் வந்தது. விரல் அதன்மேல் நின்றது. ஏம்மா, நம்ம பட்டையா சொன்னே என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்டால், என்ன பதில் வரும் என்று அவருக்குள் யாரோ ஒரு சின்ன ஆளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. லிப்ட்காரர் போனைக் கவிழ்த்து வைத்தார். கத்தரிக்கோலை எடுத்தார்.

வெட்டும்போது மனசு லேசாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். சீழ்க்கைகூட அடித்தார். முட்டைக்கு ஒரு குருவி. ஒரு டஜன் குருவி, ஒரு டஜன் முட்டை. மாமியார் முட்டைப் பெட்டியைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார் போல. துணியின் எந்தப் பக்கம் உள்ளே போக வேண்டும் என்று அவர் பார்க்கவில்லை. சில முட்டைக்குப் படம் எழுதிய பக்கம் ஓட்டோடு ஒட்டியது, சில முட்டைக்குப் பின்பக்கம். நூல் போன்ற மெல்லிய பட்டு, எந்தப் பக்கமானாலும் சாயம் இறங்கும் என்று விட்டுவிட்டார். திரும்பிப் பார்க்கும் குருவியை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். பெட்டியில் ஒரே ஒரு பழுப்பு முட்டை இருந்தது. அதை எடுத்து, "வாடா, எல்லாத்துக்கும் நீதானே காரணம்" என்று சொல்லி, மற்ற எல்லாவற்றையும்விட ஒரு சுற்று அதிகமாக இறுக்கிக் கட்டினார்.

வினிகர் கொதித்த வாடையில் கீழ்வீட்டு நாய் குரைப்பதை விட்டுவிட்டுத் தும்மியது. அன்றிலிருந்து அது யாரையும் பார்த்துக் குரைத்ததில்லை என்பார்கள்.

இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? பழுப்பு முட்டை வெடித்தது. சாயம் உள்ளே புகுந்து வெள்ளைக்கருவே நீலமாகிவிட்டது. ஆறியபின் அதை உரித்து, உப்பும் மிளகும் தூவி, நின்றபடியே தின்றார். உடைந்த முட்டை சமைத்தவனுக்கு என்பது அவர் சட்டம். மற்ற முட்டைகளைப் பிரித்துப் பார்த்தவர் அசந்துபோனார். ஒவ்வொரு ஓட்டிலும் ஒரு நீலக் குருவி, இறகுக்கு இறகு, இப்போதுதான் வந்து உட்கார்ந்தது மாதிரி. துணியிலோ ஒன்றும் மிச்சமில்லை, வெளுத்த கந்தல். அதைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். முட்டைகளைக் கூடையில் அடுக்கி, மனைவி வந்து பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்று ஒரு துண்டால் மூடி வைத்தார்.

சாயங்காலம் மனைவி வந்தாள். கையிலெல்லாம் வெண்ணெய் வாசனை, முழங்கையில் மாவு. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்தாள். அவள் முகத்தில் அவர் வருடக்கணக்காகப் பார்க்காத ஒரு தெளிச்சி.

"உங்ககிட்ட சொல்லவே இல்ல. பயமா இருந்துச்சு. நேத்து குட்டிக்கு நானே போன் பண்ணிட்டேங்க." குட்டி என்பது தங்கை. "நாளைக்கு மதியம் சாப்பாட்டுக்கு வர்றா. அந்தப் பட்டை அவகிட்டயே குடுத்துடப் போறேன்."

லிப்ட்காரரின் கண் மூடிவைத்த கூடைக்குப் போயிற்று.

"நானே கூப்பிட்டுச் சொன்னேன். வாடி, குருவி உன்னோடதுதான், வந்து எடுத்துட்டுப் போன்னு. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுறா. 'நிஜமா குடுப்பியா, ஏமாத்த மாட்டியே'ங்கறா. இஸ்திரி போட்டு வச்சிட்டேன்னு சொன்னதும் சிரிச்சிட்டா. எவ்வளவு வருஷமாச்சுங்க அவ சிரிச்சுக் கேட்டு!"

லிப்ட்காரர் கூடையை முதுகால் மறைத்து நின்றார். அதற்குள் அவள் சமையலறைக்குள் போயிருந்தாள்.

"என்னங்க, பட்டை டப்பாவைத் திறக்கவே இல்லையே? வச்சது வச்ச இடத்துலயே இருக்கு!"

டப்பா. சமையலறை அலமாரி. மேல்தட்டு. பட்டை.

"அது... கடையில வாங்கினேன். புதுப் பட்டை."

"பொடி இல்லாத கடையில பட்டை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எங்க முட்டை?"

"ஆறணும். நாளைக்குத்தான் காட்டுவேன்." கூடையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்து, தன் வேலைப்பைக்குள், ஸ்பேனர்களுக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"என்ன இது, முட்டையை எதோ மோட்டார் மாதிரி... ஏங்க, வாயைத் திறங்க! உங்க நாக்குக்கு என்ன ஆச்சு?"

கண்ணாடிக்கு ஓடினார். நாக்கு நீலமாக இருந்தது. சாதாரண நீலமில்லை, குருவி நீலம். அப்போதுதான், கதவு கிரீச்சிட்டதில் தொலைந்துபோன அந்தப் பெண்மணியின் கடைசி வாக்கியம், வழி தேடி அலைந்துவிட்டு, காதுக்கு வந்து சேர்ந்தது: அந்த முட்டையைச் சாப்பிட மட்டும் கூடாது சார், அந்தச் சாயம் நல்லதில்ல.

"மருந்து" என்றார், வாயைப் பொத்திக்கொண்டு.

"என்ன மருந்து?"

"இருமலுக்கு." இரண்டு தடவை இருமிக் காட்டினார்.

அதற்குப்பிறகு அவர் வாயே திறக்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறை வாயெடுக்கும்போதும் நாக்கு ஞாபகம் வரும், மூடிக்கொள்வார். சாப்பிடும்போது மனைவி, நாளைக்குக் குட்டிக்கு எந்த நாற்காலியைப் போடலாம் என்று கேட்டாள். கைகாட்டினார். பட்டைக் கையில் கொடுப்பதா, கழுத்தில் போட்டுவிடுவதா என்று கேட்டாள். அவருக்குக் கை எழவில்லை. "ஏன் உம்முனு இருக்கீங்க? உங்களைக் கேக்காம முடிவு பண்ணிட்டேன்னு கோபமா?" என்று அவள் தணிந்த குரலில் கேட்டபோது, நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது. தப்புச் செய்தவனிடம் போய் மன்னிப்புக் கேட்கிறாளே!

வயிறு வேறு இரவெல்லாம் உருண்டது. பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் அவர் நடந்த நடையில் தரையில் தடம் விழுந்துவிட்டதாகச் சொல்வார். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

மறுநாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் மனைவி மேஜையை விரித்தாள். படுக்கையறை அலமாரியை இன்னும் அவள் திறக்கவில்லை. தங்கை வந்தபின், தங்கை கண்முன்னாலேயே எடுக்க வேண்டும் என்று வைத்திருந்தாள். லிப்ட்காரர் ஜன்னலோரம் நின்று கீழே பார்த்தார். மச்சினி கேட்டைத் தாண்டி உள்ளே வருவது தெரிந்தது. கையில் ஒரு கேக் பெட்டி, கழுத்து வெறுங்கழுத்து. பட்டுக்கு இடம் விட்டு வந்திருக்கிறாள்.

அவர்கள் வீடு கடைசி மாடி. அதற்குமேல் மொட்டைமாடியில் லிப்டின் மெஷின் அறை. அதன் சாவி அவர் சட்டைப்பையில்.

இப்போது அவர் செய்ததைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. டாக்டர் ஒருவர் வேண்டுமென்றே நோயைக் கொடுப்பது போன்றது அது. படியேறி ஓடி, அறையைத் திறந்து, மோட்டார் சுற்றுகிற சத்தத்தைக் காதால் அளந்து, லிப்ட் கடைசி மாடிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் நேரம் பார்த்து மெயின் சுவிட்சை இறக்கினார். மச்சினி நடுவழியில் நின்றாள். மனைவியிடம் உண்மையைச் சொல்ல இரண்டு நிமிஷம் வேண்டும், அவ்வளவுதான் அவர் நினைத்தது. அத்தனை வருஷத் தொழிலில் நின்ற லிப்டை ஓட்டியிருக்கிறாரே தவிர, ஓடுகிற லிப்டை நிறுத்தியதில்லை.

இறங்கி வந்தால், மனைவி வீட்டுக்குள் இல்லை. லிப்ட் கதவுக்குமுன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதடி. உங்க அத்தான் வந்துடுவாரு."

"வேணும்னே நிறுத்திட்டியா அக்கா?" உள்ளிருந்து குரல் உடைந்து வந்தது. "எனக்கு இருட்டு ஆகாதுன்னு உனக்குத் தெரியுமில்ல? பட்டைக் குடுக்க மனசில்லைன்னா வரச் சொல்லாம இருந்திருக்கலாமே!"

"பைத்தியம் மாதிரி பேசாத. நான் ஏன்டி நிறுத்தறேன்?"

"நீ சின்ன வயசுலயே என்னை அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டினவதானே!"

"பூட்டினேன். அப்புறம் நீ அழுதேன்னு நானும் உள்ள வந்து உக்காந்தேன். அதை மட்டும் மறந்துடுவியே!"

உள்ளே மூக்கை உறிஞ்சும் ஒலி. "நீ உள்ள வந்ததும் கதவு மாட்டிக்கிச்சு. அம்மா வந்து ரெண்டு பேரையும் மொத்தினாங்க."

"மொத்தினாங்க." மனைவி விரல்களைக் கதவிடுக்கில் நுழைத்தாள். "இந்தா, பிடிச்சுக்கோ. விரல் வருதா?"

"வருது. வெண்ணெய் நாத்தம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருத்தி கதவுக்கு அந்தப்பக்கம், ஒருத்தி இந்தப்பக்கம். லிப்ட்காரர் வேலைப்பையைத் தோளில் போட்டபடி, படியில் கல்லாய்ச் சமைந்து நின்றார். உண்மையைச் சொல்ல வாங்கிய இரண்டு நிமிஷத்தை அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இதற்குள் போய் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படித் திறப்பது?

"ஏங்க, மரம் மாதிரி நிக்கிறீங்களே! ஏறி ஓட்டுங்க!"

மறுபடி மேலே போனார். மறுபடி மெயினைப் போட்டு ஓட்டவும் பயம். குற்றம் செய்த கை எதைத் தொட்டாலும் இன்னொரு குற்றமாகிவிடும் போல் இருந்தது. பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையாலேயே, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி லிப்டை ஏற்றினார். இறங்கி வந்து முக்கோணச் சாவியால் கதவைத் திறந்தார். மச்சினி வெளியே வந்த வேகத்தில் அக்காளும் தங்கையும் முட்டி மோதிக் கட்டிக்கொண்டார்கள். கேக் பெட்டி நசுங்கியது.

"வா, வா. முதல்ல பட்டை எடுத்துத் தர்றேன்" என்று மனைவி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்க இல்ல" என்றார் லிப்ட்காரர்.

வேலைப்பையின் ஜிப்பைத் திறந்து, ஸ்பேனர்களை ஒதுக்கி, கூடையை எடுத்துத் துண்டை விலக்கினார். "இதுதான் பட்டு. நீ பட்டை எடுத்துப் போட்டு வேக வைன்னு சொன்னே. நான் போட்டுட்டேன். லிப்டை நிறுத்தினதும் நான்தான்."

அவர் நாக்கைப் பார்த்து மச்சினி ஓர் அடி பின்வாங்கினாள். மனைவி முட்டையைப் பார்த்தாள். ஒன்றை எடுத்தாள். விரலால் குருவியைத் தடவினாள். அவள் கத்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நான் மரப்பட்டையைச் சொன்னேன்" என்றாள், மிக மெதுவாக.

"இப்ப தெரியுது."

"அப்ப தெரியலையா? என்கிட்ட போன் பண்ணி ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

தோணலை என்று சொல்லிவிடலாம். தாடிக்காரர் கதையையே அசராமல் சொல்கிறவருக்கு இது ஒரு பொய்யா? "தோணுச்சு" என்றார். "போனைக் கையில எடுத்தேன். அப்புறம் வச்சிட்டேன்."

மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஒரு மாடி கீழே இறங்கினார். மச்சினி படியில் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா என்று குனிந்து பார்த்தால், அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியில எனக்கு ஒரு முட்டையைக் குடுத்துட்டீங்களே, அத்தான்!"

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையைத் தன் மடிக்கு இழுத்தாள். "சரி, என் குருவி எது? திரும்பிப் பாக்குறது?"

"எனக்கென்ன தெரியும்? தேடு" என்றாள் மனைவி. ஆனால் அவளும் அருகில் உட்கார்ந்தாள்.

இருவரும் படியில் முட்டைகளை வரிசையாக நிற்கவைத்தார்கள். இங்கேதான் அந்த விசித்திரம். படம் எழுதிய பக்கம் ஒட்டிய முட்டைகளில் குருவி ஒரு திசை பார்த்தது. பின்பக்கம் ஒட்டியவற்றில் எதிர்த்திசை பார்த்தது. பாதிக் குருவி அப்படி, பாதிக் குருவி இப்படி. இதில் எது அம்மா கைதவறித் திருப்பியது, எது லிப்ட்காரர் கைதவறித் திருப்பியது?

"இது நான்" என்றாள் தங்கை.

"அது ஏன் நானா இருக்கக்கூடாது? சரி, எடுத்துக்கோ. இது நான்."

"அப்ப இது?"

"அதுவும் திரும்பித்தான் பாக்குது. அம்மாவா இருக்கும்."

"அடப்பாவமே, எத்தனை பேரு அக்கா திரும்பிப் பாக்குறாங்க!"

சிரிப்பு கிளம்பியது. லிப்ட்காரர் மூச்சை விட்டார். அதற்குள் மனைவி எண்ணி முடித்துவிட்டாள்.

"பதினொண்ணுதான் இருக்கு. ஒரு டஜன் எழுதினாங்க அம்மா. ஒண்ணு எங்க?"

"வெந்தப்ப வெடிச்சிடுச்சு."

"அதை என்ன பண்ணீங்க?"

லிப்ட்காரர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். இழுத்த இழுப்பிலேயே மனைவிக்குப் புரிந்துவிட்டது. "இருமல் மருந்து!" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "சரி. அது எந்தக் குருவிங்க?"

இரண்டு பெண்களும் அவர் முகத்தையே பார்த்தார்கள். பழுப்பு முட்டை, ஒரு சுற்று அதிகமாகப் போட்ட நூல், வாடா என்று கூப்பிட்டது, மிளகு தூவியது எல்லாம் அவருக்கு வரிசையாக வந்து நின்றது. சொன்னால், படியில் நிற்கும் இந்தப் பதினொன்றும் வெறும் முட்டை. இப்போதுதான் ஒருத்தி விரல் இன்னொருத்தி விரலைப் பிடித்திருக்கிறது.

"மத்ததுங்க மாதிரி ஒண்ணுதான்" என்றார். "நேரா பாக்குறது."

முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. வாழ்நாள் முழுக்கச் சொன்ன பொய்களெல்லாம் இந்த ஒன்றைச் சரியாகச் சொல்வதற்கான பழக்கம்தான் போலிருக்கிறது. முதல் தடவையாக மனைவி அவரை நம்பினாள். அவள் தலையாட்டியதைப் பார்த்தபோது, கத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது.

ஆளுக்கு ஐந்தாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். மிஞ்சிய ஒன்றை மனைவி அவர் கையில் வைத்து, "நீங்களும் வச்சுக்கோங்க. தின்னுடாதீங்க" என்றாள். அதோடு, இனி இந்த வீட்டில் யாரும் பட்டை என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டாள். இன்றைக்கும் அங்கே அதற்கு மரத்தோல் என்றுதான் பெயர்.

நாக்கு வெளுத்துவிட்டது. மச்சினி மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறாள், ஏறும்போதெல்லாம், "அத்தான், இன்னைக்கு எந்த மாடியில நிறுத்தப் போறீங்க?" என்று கீழிருந்தே கத்துகிறாள். அக்காளும் தங்கையும் சில சமயம் அலமாரியிலிருந்தும் தங்கையின் பையிலிருந்தும் முட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு, இது நீ, இது நான் என்று ஆரம்பித்துவிடுவார்கள். "நீங்க சொல்லுங்க, எதுங்க அது?" என்று மனைவி அவரையும் இழுப்பாள். லிப்ட்காரர் எதையாவது ஒன்றைக் கைகாட்டுவார்.

அப்போதெல்லாம் அவர் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று மெல்லத் திரும்பும்.